பொதுப்பக்கம்

அத்தியாயம் ஆறு

காசிலிங்கத்துக்குத் தூக்கம் வந்தது. இதில் புதிய செய்தி ஒன்றுமில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரணை அதிகாரியாக இருந்து, பொய்களைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்து, வேலையை விட்டுவிட்டு வண்ணார்பேட்டையில் சொந்தமாகத் துப்பறியும் போர்டு மாட்டிய நாளிலிருந்தே அவருக்குத் தூக்கம் வந்துகொண்டுதான் இருந்தது. வைகாசி வெயில் பாளையங்கோட்டையை வறுத்துக்கொண்டிருந்தது. முருகன்குறிச்சியில் அந்த மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்றுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, துப்பு கிடைச்சிட்டா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் கோமு.

"மூச்சு கிடைக்கல."

"அது படியில கிடக்காது. மேல ஃபேனுக்குக் கீழ கிடக்கும். ஏறுங்க."

கோமு அவருடைய உதவியாளர். வண்டி ஓட்டுவது, வாய் ஓட்டுவது இரண்டும் அவள் பொறுப்பு. தோளில் எந்நேரமும் ஒரு மஞ்சள் பை. அதில் தண்ணீர் பாட்டில், முறுக்கு, காசிலிங்கத்தின் வயிற்றுப்புண் மாத்திரை.

மாடியில் 'முத்து கையேட்டகம்' என்று பெயர்ப்பலகை. மிஷின் வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருமே, இந்தப் பொத்தானை அமுக்கு, அந்தக் குழாயைத் தொடாதே என்று, அவற்றை எழுதி அச்சடித்துக் கொடுக்கிற இடம். சுற்றுவட்டாரத்தில் மிஷின் செய்கிற சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கெல்லாம் இங்கிருந்துதான் புத்தகம் போகிறது. மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். முதலாளி சுவிசேஷமுத்து, பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர். வெள்ளை முழுக்கைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, வேதப் புத்தகம் வாசிப்பது போன்ற நிதானமான பேச்சு.

"வாரும் வே, வாரும். சாவதானமா உக்காரும். அவசரமே இல்ல."

"வந்ததும் வராததுமா சாவு, தானம் ரெண்டையும் சொல்லுதாரே" என்று கோமு காசிலிங்கத்தின் காதில் ஓதினாள்.

"நிதானமான்னு அர்த்தம். சும்மா இரி."

அவசரமில்லை என்றாலும் அவர் இவர்களைக் கூப்பிட்டனுப்பிய விஷயம் அவசரமானதுதான். காயல்பட்டினத்துக் காஜா முகைதீன், துபாயில் துணிக்கடையில் நின்று சேர்த்ததைக் கொண்டுவந்து ஊரில் இடியாப்பக் கடை போட்டார். அதற்கு ஒரு ஆவி பாய்லர் வாங்கினார். அடுப்பை அணைத்ததும் மூடியை ஒரே திருகாகத் திருகித் திறந்தார். உள்ளே அடைந்து கிடந்த ஆவி முகத்திலும் இரண்டு கைகளிலும் அடித்துவிட்டது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் அவரைக் காலையில்தான் இருவரும் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். கட்டுக்கு வெளியே ஒரு கண்ணும் வாயும் மட்டும் தெரிந்தன.

"புக்கை வரி வரியா வாசிச்சேன் அண்ணாச்சி" என்று சொல்லியிருந்தார் காஜா. "அங்கன அரபியில போட்டிருந்ததையே எழுத்துக் கூட்டி வாசிச்சுப் பொழச்ச ஆளு நான். நம்ம தமிழ்ல போட்டிருக்கதை நம்பக் கூடாதா?"

அவர் நம்பிய புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'மூடி: பையைத் திறக்கவும்.' பாய்லரோடு ஒரு பாலிதீன் பையும் வந்திருந்தது. காஜா பையைத் திறந்தார். உள்ளே மூடிக்கான ரப்பர் வளையம். எடுத்து மாட்டினார். சொன்னதைச் செய்தாயிற்று என்று நினைத்தார்.

புத்தகத்தைக் கம்போஸ் செய்தவர் பாக்கியவதி. பாய்லர் கம்பெனிக்காரர்கள் அவர் பெயரைச் சொல்லிப் புகார் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்று உத்தரவு. ஜூன் மாதம் அவருக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை காத்திருந்தது. கேஸ் என்று ஒன்று பதிவாகிவிட்டால் அந்த வேலை இல்லை.

"பாவந்தான்" என்றார் சுவிசேஷமுத்து. "ஆனா என்ன செய்ய? எங்க முறையில தப்பு வரவே வராது. இங்கன பாரும்." கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினார். "ஸ்டவ், ஸ்பிரேயர், பாய்லர், குக்கர், எல்லாத்துக்கும் பொதுவா சில எச்சரிக்கை உண்டு. அதைத் தனித்தனியா எழுதினா தனித்தனியா தப்பு வரும். அதனால ஒரே தடவை எழுதி ஒரே ஃபைல்ல வச்சிருக்கோம். பொதுப்பக்கம்னு பேரு. எந்தப் புத்தகம் போட்டாலும் அது தானா வந்து கடைசிப் பக்கத்துல உக்காந்துக்கிடும். ஒரு இடத்துல திருத்தினா எல்லா இடத்துலயும் திருந்தும்."

"எங்க சித்தப்பா மாதிரி" என்றாள் கோமு. "எந்தக் கல்யாண வீடுன்னாலும் தானா வந்து கடைசிப் பந்தியில உக்காந்துக்கிடுவாரு. அவரு மட்டும் திருந்தல."

முதலாளி சிரிக்கவில்லை. திரையில் விரலை வைத்தார். 'மூடி: சாவதானமாகத் திறக்கவும்.'

"இதை எழுதினது யாரு?" என்று கேட்டார் காசிலிங்கம்.

"நானே. ஆபீஸ் தொடங்கின வருசம், தொண்ணூத்தஞ்சுல எழுதினது. அன்னையில இருந்து ஒரு எழுத்து மாறல. பாக்கியவதி பாய்லர் புத்தகம் போடும்போது கைய வச்சு ஏதோ கெடுத்திருக்கா." மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "உமக்குச் சிரமம் வேண்டாம்னு ரிப்போர்ட்டையும் நானே அடிச்சு வச்சுட்டேன். கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

காசிலிங்கம் தாளைப் பார்த்தார். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் அவர் பெயர்கூட அழகாக அச்சாகியிருந்தது. போட்டுவிட்டால் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். உண்மையாகவே ஆசையாக இருந்தது. பேனாவைக்கூடத் திறந்துவிட்டார்.

பிறகு மூடினார்.

"சாவதானமாகங்கிற வார்த்தையை அடிக்கப் போனவ கை தவறினா, சாவதனம்னு வரும், சவதானம்னு வரும். பையைன்னு எப்படி வே வரும்? ஒரு எழுத்துகூட ஒட்டலியே."

"கை தவறிச் சட்டியை உடைக்கலாம்" என்றாள் கோமு. "கை தவறிச் சட்டி பானையாகுமா?"

சுவிசேஷமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க விசாரிச்சுக்கிடுங்க. நான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிட்டு வந்திருதேன்."

பாக்கியவதி உள்ளறையில் ஒரு பழைய ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். அழுது முடித்த முகம். அவருக்கும் தூக்கம் இல்லை என்பது பார்த்தவுடன் தெரிந்தது. காசிலிங்கத்துக்கு அந்த விஷயத்தில் அனுபவம் உண்டு.

"அந்த வரியை நீங்க மாத்துனீங்களா?"

"இல்ல அண்ணாச்சி."

"முதல்ல என்ன இருந்துது?"

"ஞாபகம் இல்ல அண்ணாச்சி. முதல் முதல்ல ஸார் சொல்லச் சொல்ல நான்தான் அடிச்சேன். பொறவு அதை வாசிக்கதே இல்ல. பொதுப்பக்கம் பாத்தியளா? முந்தியே சரியா இருந்தது, இப்பவும் சரியாத்தான் இருக்கும்னு விட்டுருவோம். இந்த ஆபீஸ்ல யாருமே அதை வாசிக்கதில்ல." மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். "வாசிச்சிருக்கணும்."

காசிலிங்கத்துக்கு அந்தக் கடைசி வார்த்தை பிடிக்கவில்லை. செய்யாத தப்புக்கு ஆள் தயாராகிவிட்டது என்பதற்கு அடையாளம் அது. இன்ஷூரன்ஸ் காலத்தில் இதைக் கேட்டால் கேஸ் முடிந்தது என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அவருக்கு எரிச்சலாக வந்தது, தன் மேலேயே.

"பழைய புத்தகம் ஏதாவது கிடக்கா? தொண்ணூத்தஞ்சுல போட்டது?"

"ஸார் போன வாரம் எல்லாத்தையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுட்டாவ."

"போன வாரம்" என்றாள் கோமு. "நல்ல நாள் பாத்துத்தான் வீடு ஒதுங்க வச்சிருக்காரு."

அறையின் மூலையில் ஒரு உயரமான ரேக். அதன் தலையில் ஒரு கிழட்டு ஃபேன், சாய்ந்து விழாமல் இருக்க ஒரு பக்கம் அணைவு கொடுத்து, ஓடிக்கொண்டிருந்தது. காசிலிங்கம் காற்றுக்காக அதன் கீழே போய் நின்றார். நின்றவர் அண்ணாந்து பார்த்தார். ஃபேனுக்கு அணைவு கொடுத்திருந்தது ஒரு புத்தகம்.

அந்த நேரம் பார்த்துப் புரூஃப் பார்க்கிற பையன் உள்ளே வந்தான். ஸ்ரீசரண். சென்னையில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவுக்கு மாற்றலாகித் தை மாதம்தான் இந்த ஊருக்கு வந்திருந்தான். நல்ல உயரம்.

"தம்பி, அந்த ஃபேனுக்குக் கீழ இருக்குல்லா, பைய எடும்" என்றார் காசிலிங்கம்.

ஸ்ரீசரண் ஃபேனை அண்ணாந்து பார்த்தான். அதற்குக் கீழே ஸ்டூலில் கிடந்த கோமுவின் மஞ்சள் பையைப் பார்த்தான். பையை எடுத்து, மரியாதையாக இரண்டு கையாலும் காசிலிங்கத்திடம் கொடுத்தான்.

"இந்தாங்க ஸார்."

கோமு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாக்கியவதிக்குக்கூட உதடு லேசாக நெளிந்தது. காசிலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. பையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் என்ன சொன்னேன் தம்பி?"

"பைய எடுன்னீங்க ஸார்."

"இந்த ஊர்ல பையன்னா மெதுவா. ஃபேன் தலையில விழுந்திரும், மெதுவா எடுன்னு சொன்னேன்."

ஸ்ரீசரண் விழித்தான். "அப்படியா ஸார்? தெருவுல எல்லாரும் பைய பையன்னு சொல்றாங்க. யாரோ பையனைக் கூப்பிடறாங்கன்னு நெனச்சேன்."

"அஞ்சு மாசமாவா?" என்றாள் கோமு. "அந்தப் பையன் வந்துட்டானான்னு கேக்கலியா?"

கோமு ஸ்டூலில் ஏறி, ஃபேனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பையவே புத்தகத்தை உருவினாள். மண்ணெண்ணெய் பிரஷர் ஸ்டவ் கையேடு, 1995. கடைசிப் பக்கம் தூசியும் எண்ணெயுமாக இருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது.

'மூடி: பையத் திறக்கவும்.'

பாக்கியவதி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "நான் அடிச்சதுதான்" என்றார் மெல்ல. "ஸார் வேற என்னமோ பெரிய வார்த்தை சொன்னாவ. வயக்காட்டுச் சம்சாரிக்கும் விளங்குத மாதிரி இருக்கட்டும்னு நான்தான் இப்படி அடிச்சேன்."

காசிலிங்கம் ஸ்ரீசரணிடம் புத்தகத்தைக் காட்டினார். "இதைப் பாத்தா உமக்கு என்ன தோணுது?"

பையன் படித்தான். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. "இது... ஸ்பெல்லிங் மிஸ்டேக்னு நெனச்சேன் ஸார். நான் சேர்ந்ததும் முதல்ல பாத்தது ஸ்பிரேயர் புக். அதோட ஒரு துணிப் பை தருவாங்க. மூடி அதுக்குள்ளதான் இருக்கும். அதான், பையைத் திறக்கவும்னு ஒரு ஐகாரம் விட்டுப் போச்சுன்னு கரெக்ட் பண்ணேன்." திரும்பிப் பாக்கியவதியைப் பார்த்தான். "ஸ்பிரேயருக்கு மட்டும்தான் ஸார் பண்ணேன்."

"எந்த ஃபைல்ல?"

"கடைசிப் பக்கத்தை டபுள் கிளிக் பண்ணா ஒரு ஃபைல் திறந்தது..."

அவன் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. ஒரு இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும். ஒரு இடத்தில் கெட்டாலும் அப்படியே. ஸ்பிரேயருக்காகப் போட்ட ஐகாரம் அடுத்து அச்சான பாய்லர் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்து, காயல்பட்டினத்தில் ஒரு மனிதனை வேக வைத்துவிட்டது. ஸ்ரீசரண் சுவரோடு சாய்ந்து கீழே உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.

"கேஸ் முடிஞ்சுது" என்றாள் கோமு, படி இறங்கும்போது. "ஆனா கொண்டாட முடியல அண்ணாச்சி. குத்தவாளியைக் கண்டுபிடிச்சா அவன் குழந்தையா இருக்கான். வாங்க, ஒரு சாயா குடிச்சிட்டு வீட்டுக்குப் போவோம்."

காசிலிங்கம் படியில் நின்றுவிட்டார்.

"மறுபடி மூச்சா?"

"இல்ல. முதல்ல பைய. பொறவு பையை. அப்ப இந்தச் சாவதானம் எப்ப வந்துது?"

"காஜா வெந்த பொறவு வந்திருக்கும். முதலாளி பயந்துபோயித் திருத்தியிருப்பாரு. பழைய புக்கை எடைக்குப் போட்ட மாதிரி."

"இருக்கலாம்." தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அப்படியே தூங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது. "ஆனா அதுக்கு முந்தியே வந்திருந்தா?"

கோமு பையிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டினாள். அவளுக்கும் விளங்கிவிட்டது என்று அர்த்தம்.

பாய்லர் புத்தகத்துக்குப் பின், விபத்துக்கு முன், இடையில் அச்சான புத்தகம் ஒன்று வேண்டும். மறுபடி மேலே ஏறிப் பாக்கியவதியைக் கேட்டதில், கல்யாணச் சமையலுக்கான பெரிய பிரஷர் குக்கருக்குப் பங்குனிக் கடைசியில் ஒரு புத்தகம் போட்டதாகச் சொன்னார். முதல் குக்கர் போன இடமும் தெரிந்திருந்தது. பத்தமடை வன்னியராஜ், கல்யாணச் சமையல்காரர்.

பத்தமடைக்குக் கோமுவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போவது ஒரு தண்டனை. வழி நெடுகக் காசிலிங்கம் தூங்கி விழுந்தார். ஒவ்வொரு முறையும் கோமு முழங்கையால் ஒரு இடி கொடுத்தாள். "விழுந்தா சொல்லிட்டு விழுங்க அண்ணாச்சி, வண்டியை நிறுத்தணும்லா." வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போது மட்டும் அவருக்கு இறங்கிக் குளித்துவிட்டு இப்படியே ஊரை விட்டுப் போய்விடலாமா என்று தோன்றியது.

வன்னியராஜ் வீட்டு முற்றத்தில் அண்டாக்களைக் கவிழ்த்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். தொப்பை, துண்டு, பெரிய சிரிப்பு.

"குக்கர் புக்கா? இருக்கே. சித்திரையில எங்க மதினி வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் குக்கரை முதல்ல ஏத்தினேன். சாம்பார் ஏ கிளாஸ்." உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தார். மஞ்சள் கறை ஏறிய அதை அவரே கடைசிப் பக்கம் திருப்பினார். "இதைப் பாருங்க அண்ணாச்சி. சாவு தானம்லா போட்டிருக்கான்! இதை வாசிச்சே பயந்துபோயி, நான் ரொம்பப் பைய திறக்கேன்."

'மூடி: சாவதானமாகத் திறக்கவும்.'

சித்திரையில். காஜா முகைதீனின் கை வெந்தது வைகாசியில். காசிலிங்கம் கவிழ்த்த அண்டா ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். நினைத்தது சரியாக இருந்ததில் அவருக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

"இந்தக் கையேட்டு ஆபீசுக்கு நீரு எப்பவாவது போயிருக்கீரா?"

"போயிருக்கேனே. பங்குனியில ஒரு வேடிக்கை. எங்க அத்தான் வயலுக்கு ஸ்பிரேயர் வாங்கினாரு. அதுல மூடி, பையைத் திறக்கவும்னு போட்டிருக்கு. கூட வந்த பையை வாங்கின அன்னைக்கே திறந்தாச்சு. மருந்து அடிச்சு முடிச்ச பொறவு எந்தப் பையை அண்ணாச்சி திறக்க? சட்டைப் பையையா? சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு. டவுனுக்குப் போன அன்னைக்கு ரெண்டு பேருமா ஏறி அந்தப் பெரியவர்ட்ட காமிச்சோம். அவரு சிரிக்கல. புக்கை வாங்கி வச்சுக்கிட்டாரு. ஆளுக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் குடுத்து, இதை யார்ட்டயும் சொல்லாதீங்கன்னாரு." வன்னியராஜ் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் அண்ணாச்சி, யாருக்கும் என்னமும் ஆயிட்டா?"

கோமு குக்கர் புத்தகத்தை வாங்கி மஞ்சள் பைக்குள் வைத்தாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது சுவிசேஷமுத்து நாற்காலியில் இருந்தார். பாக்கியவதி ஸ்டேஷனுக்குக் கிளம்பத் தயாராகச் சேலை மாற்றி வந்திருந்தார். அவரோடு துணைக்குப் போவதற்கு யாரும் வந்திருக்கவில்லை. ஸ்ரீசரண் அழுது வீங்கிய முகத்தோடு ஓரமாக நின்றான்.

"பையன் எல்லாத்தையும் சொல்லிட்டான்" என்றார் முதலாளி. "சின்னப் பயல். அறியாமப் பண்ணிட்டான். ரிப்போர்ட்ல பேரை மட்டும் மாத்திக்கிடுவோம்."

"மாத்தணும்" என்று காசிலிங்கம் உட்கார்ந்தார். "இவன் பேரையும் எடுத்திரும்."

"பொறவு யார் பேரு?"

காசிலிங்கம் மேஜையில் இரண்டு புத்தகங்களை வைத்தார். ஸ்டவ், குக்கர். இரண்டையும் கடைசிப் பக்கத்தில் விரித்தார்.

"தொண்ணூத்தஞ்சுல இருந்து ஒரு எழுத்து மாறலன்னு சொன்னீரு. இந்தா தொண்ணூத்தஞ்சு. பைய. உம்ம சாவதானத்தைக் காணும். இது சித்திரையில கல்யாணத்துல வெந்த குக்கரு. இதுல சாவதானம் இருக்கு. அதை எழுதினது நானேன்னு உம்ம வாயால சொன்னீரு. அப்ப காஜா முகைதீன் மூடியில கை வைக்கதுக்கு முந்தியே உமக்குத் தப்பு தெரியும்."

முதலாளி குக்கர் புத்தகத்தை எடுத்து மூடி வைத்தார்.

"நான் திருத்தினேனே!" என்றார் சுவிசேஷமுத்து. முதல் தடவையாக அவர் குரலில் நிதானம் இல்லை. "தெரிஞ்ச அன்னைக்கே திருத்தினேன் வே. தப்பைத் திருத்துதது குத்தமா?"

"பக்கத்தைத் திருத்தினீரு. வெளிய போன புத்தகத்தைத் திருத்தினீரா? பாய்லர் கம்பெனிக்கு ஒரு போஸ்ட்கார்டு போட்டீரா? ஒரு துண்டுச் சீட்டு அடிச்சு ஒட்டச் சொன்னீரா? தப்பு செஞ்ச பயலுக்குத் தப்புன்னே தெரியாது. அடிச்ச அம்மாவுக்கு மாறினதே தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆளு நீருதான்."

"எப்படி வே சொல்லுவேன்?" பெரியவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு புத்தகத்துல தப்புன்னா ஒருத்தன்ட்ட மன்னிப்புக் கேக்கலாம். இது பொதுப்பக்கம். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே பக்கம். ஒருத்தன்ட்ட சொன்னா அவனவன் தன் புத்தகத்தைத் தூக்கிட்டு வருவான். தப்பே வராத முறைன்னு ஊரு பூரா சொல்லித்தானே வேலை வாங்கினேன்? யாரும் ஒண்ணும் சொல்லல, அப்படியே கழிஞ்சு போவும்னு நினைச்சேன். தினமும் ஜெபம் பண்ணினேன்."

"ஜெபத்தோட ஒரு போனும் பண்ணியிருக்கலாம்" என்றாள் கோமு. வேடிக்கையாகச் சொல்லவில்லை.

பாக்கியவதி மேஜைக்குக் கிட்டே வந்தார். "என்னைப் போவச் சொன்னியளே ஸார்" என்றார். சுவிசேஷமுத்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"உம்மைக் களைச்சுப் போன ஆளுன்னு சொன்னாவ" என்று காசிலிங்கத்திடம் முணுமுணுத்தார். "அதனாலதான் உம்மைக் கூப்பிட்டேன். பேசாம கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவீருன்னு."

"சரியாத்தான் சொல்லியிருக்காவ. களைச்ச ஆளுதான். ஆனா களைச்சவனுக்கு ஒரே வேலையை ரெண்டு தடவை செய்ய முடியாது வே. இன்னைக்குப் பொய்யில கையெழுத்துப் போட்டா, அடுத்த ஆளு வெந்ததும் இந்தப் படியை நான் மறுபடி ஏறணும்."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். அடுத்த ஆள்.

"அந்த பாய்லர் இன்னும் எங்கெல்லாம் போயிருக்கு?"

அதன் பிறகுதான் அந்த ஆபீஸில் எல்லாரும் ஓடினார்கள். சுவிசேஷமுத்து தானே போனை எடுத்துப் பாய்லர் கம்பெனியைக் கூப்பிட்டார். அவர்கள் சொன்ன இடங்களை எழுதிக்கொண்டார். அம்பாசமுத்திரத்தில் ஒரு ஹோட்டல், ஏரலில் ஒரு சத்திரம், இரண்டுக்கும் போன் இருந்தது. சொல்லியாயிற்று. பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எலியேசர் மெஸ். அங்கே போன் இல்லை. அவர்கள் பாய்லர் வாங்கியதே அந்த வாரம்தான்.

"துண்டுச் சீட்டு அடிங்க" என்றார் காசிலிங்கம் பாக்கியவதியிடம். "புத்தகத்துல ஒட்டணும்."

பாக்கியவதி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். விரல் எழுத்துப் பலகை மேல் நின்றது. "எந்த வார்த்தை போட அண்ணாச்சி?"

"உங்களுக்கு எது சரின்னு படுதோ அது."

அவர் ஸ்ரீசரணைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அடித்தார். 'மூடி: ஆவி அடங்கிய பின் மெதுவாக, பையப் பையத் திறக்கவும்.' பையன் கிட்டே வந்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான். பாக்கியவதியும் வாசித்தார். எழுத்துக் கூட்டி, வாய்விட்டு, இருவரும் இரண்டு தடவை வாசித்தார்கள்.

சுவிசேஷமுத்து சட்டைக் கையைக் கீழே இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டார். "நான் ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றார். "நீ வர வேண்டாம்மா." பாக்கியவதி அடுத்த சீட்டை எடுத்து வெட்டிக்கொண்டிருந்தார்.

எலியேசர் மெஸ்ஸில் சாயங்கால டிபனுக்குக் கூட்டம் கூடியிருந்தது. கோமு வண்டியை நடைபாதையிலேயே ஏற்றி நிறுத்தினாள். காசிலிங்கம் சீட்டையும் பசையையும் பிடித்துக்கொண்டு, சாப்பிடுகிற வரிசைகளுக்கு நடுவே, யாருடைய இலையையோ மிதித்து, அடுக்களைக்குள் நுழைந்தார். கடைசியாக அவர் இப்படி ஓடியது எந்த வருடம் என்று அவருக்கே ஞாபகமில்லை.

புதுப் பாய்லர் பளபளவென்று நின்றது. அடுப்பை அப்போதுதான் அணைத்திருந்தார்கள். ஒரு வாட்டசாட்டமான மாஸ்டர் இரண்டு கையாலும் மூடியைப் பிடித்து, காலை அகற்றி வைத்து, ஒரே திருகாகத் திருகுவதற்குத் தோளை ஏற்றினார்.

கையில் இருந்த சீட்டை எடுத்துக் காட்ட நேரமில்லை.

"பைய வே! பைய!"

அடுக்களையே நின்றது. மாஸ்டரின் கை அப்படியே தளர்ந்தது. திரும்பிப் பார்க்காமல், மூடியைக் கொஞ்சமே கொஞ்சம் நெகிழ்த்தினார். ஸ்ஸ்ஸ் என்று ஆவி ஓரமாகப் பீறிக்கொண்டு சுவரில் அடித்தது. மாஸ்டர் பதறிப் பின்னால் விலகினார். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஈரத்தில் சுருண்டு கீழே விழுந்தது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெகுநேரம் கழித்து ஆவி அடங்கியது. மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"நீரு யாரு வே?"

காசிலிங்கம் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டிருந்தார். மார்பு ஏறி இறங்கியது. கையிலிருந்த சீட்டை நீட்டினார்.

"புத்தகத்துல விட்டுப்போன வரி" என்றாள் கோமு. "அதுக்கு ஒரு சாயா குடுங்க அண்ணாச்சி. சீனி கம்மி."